அனேக் தமிழ்: ஒடுக்கி, தடிப்பாக்கி, சாய்த்தால்

மும்பையிலுள்ள எழுத்துரு வடிவமைப்புக் குழுவான எக் டைப்பின் அனேக் தமிழ் எழுத்துருவில் தடிப்பு 100 முதல் 800 வரை, அகலம் 75 முதல் 125 வரை கிடைக்கும். கூகுள் ஃபொண்ட்ஸில் இலவசம். கடை வேலைக்குப் பயன்படுத்தவும் காசு கட்டத் தேவையில்லை. அகலத்தை 75க்கும் தடிப்பை 800க்கும் கொண்டுபோனால், கல்முனை - மட்டக்களப்பு பஸ்ஸின் முன்கண்ணாடியும் விளையாட்டுக் கழகப் பெனரும் கேட்கிற இறுக்கமான வேகத் தோற்றம் வந்துவிடும். சாய்வு மட்டும் இதில் இல்லை. அதை நாங்களே செய்ய வேண்டும். வேலை கெடுவதும் அங்கேதான்.

மென்பொருளின் சாய்வுப் பொத்தானை நம்ப வேண்டாம், கோணம் உங்கள் கையில் இருக்காது. இங்க்ஸ்கேப்பிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ கிடையாகச் சரித்து 8 பாகை கொடுங்கள். 12ஐத் தாண்டினால் வளைவுகளின் வலது மேற்புறமும் இடது கீழ்ப்புறமும் வீங்கி, மற்ற இரண்டு பக்கமும் மெலிந்துவிடும்.

'மட்டக்களப்பு' இந்த எழுத்துக்கென்றே பிறந்த சொல். ம, ட, ப எல்லாவற்றிலும் நிமிர்ந்த கோடு இருப்பதால், சாய்த்தவுடன் முழுச் சொல்லும் ஒரே பக்கம் பாய்கிறது. 'ட்ட' நடுவில் மட்டும் ஓர் ஓட்டை தெரியும்; அந்த இடைவெளியைக் கையால் குறையுங்கள். 'கல்முனை' அப்படியில்லை. ல, னை இரண்டும் சுழி. சாய்வு எடுபடாது, சுழிகளும் அடைத்துக்கொள்ளும். அங்கே தடிப்பு 700, அகலம் 85 போதும். 'திருகோணமலை வீதி' போன்ற முகவரி வரியை ஒருபோதும் 800இல் போட வேண்டாம்: சிறிய அளவில் ணவும் னவும் தூரத்துக்கு ஒன்றுதான்.

ஸ்டிக்கர் வெட்டுகிறவர்கள் புள்ளியைக் கவனிக்க வேண்டும். எழுத்தோடு ஒட்டாத தனித் துண்டு அது. தேவையில்லாத ஸ்டிக்கரை உரிக்கும்போது அதுவும் கூடவே வந்துவிடும். தப்பினாலும் வெயிலிலும் மழையிலும் முதலில் விழுவது அதுதான். மூன்று புள்ளியும் போனால் பஸ் 'மடடககளபபு' போகிறது! எழுத்து 3 அங்குலத்துக்குக் குறைவென்றால் வெட்டவே வேண்டாம், ஒரே ஷீட்டில் பிரின்ட் அடித்து ஒட்டுங்கள். ஜேர்சிக்கு சப்ளிமேஷன் (மையைச் சூட்டால் துணியில் ஏற்றும் அச்சு) அடிப்பதில் இந்தத் தொல்லை இல்லை.

மும்மொழிப் பலகைக்கு இது அரைகுறைத் தீர்வு. ஆங்கிலத்துக்கு இதன் ஜோடியாக அனேக் லத்தீன் இருக்கிறது, சிங்களம் இல்லை. நோட்டோ சான்ஸ் சிங்களத்தை ஒடுக்கிச் சேர்க்கலாம். ஆனால் சிங்கள எழுத்து முழுக்க வளைவு, சாய்த்தால் அழகு போய்விடும். அதனால் மூன்று மொழியும் வருகிற பலகையில் எல்லாவற்றையும் நிமிர்த்தியே வையுங்கள்.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பை நேரே இதற்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகு 'கொ'வைப் பாருங்கள். கொம்பு கவுக்கு முன்னால் நிற்காவிட்டால், பிழை எழுத்துருவில் இல்லை, உங்கள் மென்பொருளிலோ மாற்றிய விதத்திலோ இருக்கலாம்.