தலைக்கு 175 டாலர்: வெளிநாட்டுப் படை வேலைக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்

வெளிநாட்டில் படை வேலை, கை நிறையச் சம்பளம், போர் முடிந்ததும் நிலம். இப்படிச் சொல்லி யாராவது முன்பணம் கேட்டால், 1819-இல் அயர்லாந்துக்காரர்கள் ஏமாந்த கதையைத் தெரிந்துகொண்டு அப்புறம் பதில் சொல்லுங்கள்.

நெப்போலியன் போர்கள் 1815-இல் முடிந்ததும் பிரிட்டிஷ் படையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஏராளமானோர் பிழைப்பில்லாமல் நின்றார்கள். அயர்லாந்தின் வெக்ஸ்ஃபர்டைச் சேர்ந்த ஜான் டெவரூ, ஸ்பெயினை எதிர்த்துப் போரிட்ட தென் அமெரிக்க விடுதலைத் தலைவர் சிமோன் பொலிவாருக்கு ஓர் ஐரிஷ் படையணி திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். கரை இறங்கும் சிப்பாய் ஒருவருக்கு 175 டாலர் என்று அவருக்குப் பேசியிருந்தது. இறங்கினால் போதும்! அதன்பின் அந்த ஆளுக்குச் சோறு கிடைத்ததா, உயிரோடு இருக்கிறாரா என்பதால் அவருடைய வரவு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எல்லாக் கேடும் இந்த ஒரு நிபந்தனையில் தொடங்கியது.

டெவரூ டப்ளினில் இந்தப் படையணியின் அதிகாரிப் பதவிகளைக் காசுக்கு விற்றார். பலருக்குச் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் படையிலேயே பதவியை விலைக்கு வாங்குவது வழக்கமாக இருந்தது. ஆனால் அங்கே விலையை அரசு நிர்ணயித்தது, விலகும்போது விற்றுப் பணத்தை எடுக்கலாம். டெவரூ கொடுத்த சீட்டுக்கு அப்படி எந்தப் பிடிமானமும் இல்லை. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் உரிமைக்காகப் போராடிய டேனியல் ஓ'கானல் போன்ற பெருந்தலைவரே அவரை ஆதரித்தார், தம் மகன் மார்கனையும் படையணியில் சேர்த்தார். பெரிய மனிதர் நம்புகிறார் என்பதற்காகப் பணம் கட்டாதீர்கள். அவரும் ஏமாற்றப்பட்டிருக்கலாம்.

ஏறத்தாழ 1,700 பேர் கப்பலேறினார்கள். வெனிசுவேலாவின் மார்கரித்தா தீவில் இறங்கியபோது கூடாரம் இல்லை, மருத்துவமனை இல்லை, உணவு போதவில்லை. காய்ச்சலில் நூற்றுக்கணக்கானோர் மடிந்தார்கள். டெவரூ அங்கே வந்து சேர்ந்ததோ 1820-இல்தான். அதற்குள் மிஞ்சியவர்களை பொலிவாரின் தளபதி மரியானோ மொந்தியா, இன்றைய கொலம்பியாவின் கடற்கரை ஊரான ரியோஆச்சாவுக்குக் கொண்டுபோயிருந்தார். ஊர் பிடிபட்டது, சம்பளம் வரவில்லை, கலகம் வெடித்தது, ஊர் எரிந்தது. பலரை ஜமைக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கலகத்தை நியாயப்படுத்தவில்லை, அந்த ஊர் மக்கள் எந்தப் பாவமும் செய்யாதவர்கள். ஆனால் அதற்குக் காரணம் பட்டினியும் கொடுக்காத கூலியும்தான்.

பொலிவாரின் கஜானாவே காலி, உள்ளூர்ச் சிப்பாய்களுக்கும் ஒழுங்காகச் சம்பளம் இல்லை. ஆகவே ஆள் சேர்ப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, சம்பளம் எவ்வளவு என்பதல்ல. எந்தக் கருவூலத்திலிருந்து, எந்தத் தேதியில், யார் கையெழுத்தில் வரும் என்பது. உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அவருக்கு என்ன கிடைக்கிறது, எப்போது கிடைக்கிறது என்றும் கேளுங்கள். இறங்கிய அன்றே அவர் கணக்கு முடிந்துவிடுமென்றால் போகாதீர்கள். அந்தப் படையில் சேர்வதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள். பிரிட்டன் 1819-இலேயே இதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்தது.

நில வாக்குறுதியில் இன்னும் கவனம் வேண்டும். பொலிவாரின் 1817-ஆம் ஆண்டுச் சட்டம் பறிமுதல் செய்த சொத்துகளைப் படைவீரர்களுக்குப் பங்கிடுவதாகச் சொன்னது. பலர் கைக்கு வந்தது வெறும் பத்திரச் சீட்டு. வயிற்றுப்பாட்டுக்கு அதை அடிமாட்டு விலைக்கு விற்றார்கள். தளபதிகளும் வியாபாரிகளும் வாங்கிப் பெரும் பண்ணைகளைச் சேர்த்தார்கள். நிலம் தருகிறோம் என்றால் எந்த ஊர், எந்த சர்வே எண், இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்த நிலத்தைச் சம்பளக் கணக்கில் சேர்க்காதீர்கள்.