லோகோவிலேயே நின்றுவிட்ட போன்: கணினியா, கடையா, சர்வீஸ் சென்டரா?

போன் லோகோவைத் தாண்டி நகராமல் நின்றுவிட்டால் நமக்கு இருக்கும் வழிகள் மூன்று: பக்கத்து மொபைல் கடை, நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர், அல்லது வீட்டுக் கணினியோடு இணைத்து நாமே சரிசெய்வது. அண்மையில் ஓர் அப்டேட்டுக்குப் பிறகு என் ஆண்ட்ராய்டு போன் லோகோவைக் காட்டுவதும் அணைவதுமாக இருந்தபோது, மூன்று வழிகளையும் விசாரித்துவிட்டுக் கணினியைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பவர் பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துச் சற்று நேரம் அழுத்திப் பார்ப்பது, அரை மணி நேரம் சார்ஜில் போட்டுப் பார்ப்பது ஆகியவற்றை எல்லோரும் செய்திருப்பீர்கள். செலவைப் பற்றியும் அதிகம் பேச வேண்டியதில்லை. வாரண்டி இருந்தால் சாஃப்ட்வேர் கோளாறுக்குச் சர்வீஸ் சென்டரில் பெரும்பாலும் பணம் கேட்பதில்லை. ஆனால் கோபியிலோ தாராபுரத்திலோ இருப்பவர் அதற்காக ஈரோட்டுக்கோ திருப்பூருக்கோ போய்வர ஒரு நாளை ஒதுக்க வேண்டியிருக்கும். கடையில் வேலை சீக்கிரம் முடியும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது ஒன்றே ஒன்று: போனுக்குள் இருந்த தரவு. திருப்பூரில் ஜாப் ஒர்க் எடுத்துத் தைப்பவர்களுக்குப் போன்தான் கணக்குப் புத்தகம். சாம்பிள் படங்கள், டெலிவரி சலான்களைப் பிடித்து வைத்த படங்கள், அளவு மாற்றத்தைப் பார்ட்டி சொல்லி அனுப்பிய குரல் பதிவுகள் என்று எல்லாமே அதில்தான் இருந்தன. அவற்றில் ஒரு பகுதிதான் கூகுள் கணக்கில் பேக்கப் ஆகியிருந்தது.

கடைக்காரத் தம்பி ஒளிக்காமல் சொன்னார்: “ஃபிளாஷ் பண்ணிக் குடுத்தர்றனுங்ணா, ஆனா உள்ள இருக்கறதெல்லாம் போயிருமுங்க.” ஃபிளாஷ் என்றால் இயங்குதளத்தைப் புதிதாக எழுதுவது. சர்வீஸ் சென்டரிலோ, தரவுக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்ட தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வரிசையாக வந்து விழும் போன்களைப் பார்ப்பவர்களுக்கு அழித்துவிட்டு நிறுவுவதுதான் எளிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அழித்தபின் திரும்பப் பெற வழியில்லை என்பதை நாம் உணர வேண்டும். ஆண்ட்ராய்டு 10 தொடங்கி, அந்தப் பதிப்போடு விற்பனைக்கு வரும் போன்கள் அனைத்திலும் சேமிப்பகம் குறியாக்கம் செய்யப்பட்டே இருக்கும். அதைத் திறக்கும் சாவி அந்தப் போனின் வன்பொருளோடும் நம் பின் எண்ணோடும் பிணைக்கப்பட்டது. ரீசெட் செய்தால் அந்தச் சாவியே அழிந்துவிடும். மெமரி சிப்பைக் கழற்றி வேறொன்றில் வைத்துப் படித்தாலும் கிடைப்பது பொருளற்ற எழுத்துக் குவியல்தான். ‘ஒரே கிளிக்கில் மீட்போம்’ என்று விற்கப்படும் மென்பொருள்களாலும் இந்தத் தடையைத் தாண்ட முடியாது.

கணினி வழியில், அழிப்பதா வேண்டாமா என்ற முடிவு நம் கையில் இருக்கிறது. என் போனின் தயாரிப்பாளர் முழு அப்டேட் கோப்பைத் தம் தளத்திலேயே தருகிறார். போனை ரெகவரி நிலைக்கு, அதாவது பழுதுபார்க்கும் பட்டியல் வரும் திரைக்குக் கொண்டுவந்து, ஏடிபி (கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக அப்டேட் பெறும் வரியைத் தேர்ந்தெடுத்து, கணினியில் கோப்பைப் போனுக்கு அனுப்பும் சைட்லோடு கட்டளையைக் கொடுத்தால், இயங்குதளம் மட்டும் மறுபடி எழுதப்படும். நம் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு யூஎஸ்பி டீபக்கிங் (கணினியின் கட்டளைகளை ஏற்கப் போனில் இயக்கும் அமைப்பு) முன்பே இயக்கப்பட்டிருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது பலர் அறியாத வசதி. கோப்பு, போனில் இருக்கும் பதிப்பாகவோ அதைவிடப் புதியதாகவோ இருக்க வேண்டும். பழையதைப் போன் ஏற்காது. அந்தப் பட்டியலிலேயே தரவை அழிக்கும் வரியும் இருப்பதால், வால்யூம் பட்டனை ஒவ்வொரு படியாகப் பார்த்து நகர்த்துங்கள். கணினித் திரையில் எண்ணிக்கை 47 சதவீதத்தில் நின்றுவிட்டதைப் போலத் தோன்றலாம். போனின் திரையில் வேலை முடிந்ததாக வரும்வரை கேபிளைத் தொடக் கூடாது. மேசைக் கணினியாக இருந்தால், பராமரிப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்தும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

பிற போன்களிலும் இந்தத் தேர்வு ஏதோ ஒரு பெயரில் இருக்கிறது. சாம்சங் போன்களை ஓடின் மென்பொருளால் ஃபிளாஷ் செய்யும்போது சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள் அடங்கிய) கோப்பைக் கொடுத்தால் தரவு அழியும், ஹோம் சிஎஸ்சி கோப்பைக் கொடுத்தால் பொதுவாக அழியாது. ஐபோனைக் கணினியில் இணைத்தால் அப்டேட், ரீஸ்டோர் என்று இரண்டு பட்டன்கள் வரும்; முதலாவது தரவை வைத்துக்கொண்டு நிறுவ முயலும், இரண்டாவது துடைத்துவிடும். இந்த இரண்டையும் நான் என் கையால் செய்ததில்லை என்பதால், அந்தந்த நிறுவனத்தின் வழிமுறையை முழுவதும் படித்துவிட்டு இறங்குங்கள். எந்த ஆண்ட்ராய்டு போனாக இருந்தாலும், பூட்லோடரை (போன் தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றும் நிரல்) திறக்கச் சொல்லும் வழிமுறையைத் தரவு வேண்டுபவர் தொடவே கூடாது. திறக்கும்போதே எல்லாம் அழிந்துவிடும்.

கேபிளை மாற்றி, டிரைவரை நிறுவி, வேறு போர்ட்டில் செருகியும் கணினி போனை அடையாளம் காணவில்லை என்றால், கோளாறு பெரும்பாலும் போர்டிலோ சார்ஜிங் பகுதியிலோ இருக்கும். தண்ணீர் புகுந்த போனும் அப்படித்தான். அங்கே கணினியால் பயனில்லை. சால்டரிங் தெரிந்த நல்ல கடைக்காரர்தான் வேண்டும். கொடுக்கும்போது, கேட்காமல் ரீசெட் செய்யக் கூடாது என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.