ஐப்பசி அடைமழையிலும் வெளியே நிற்கும் தொட்டிச் செடிகள்: குமரி நர்சரிகளில் எதை எடுக்கலாம், எதை விடலாம்

"இது வெளியில வைக்கலாமா?" என்று நர்சரியில் கேட்டால், "தாராளமா வைக்கலாம்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். சித்திரை வெயிலுக்கு அந்தப் பதில் போதும். புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மார்கழி வரை நீளும் மழைக்குப் போதாது. தொட்டி மண் நாலைந்து நாள் தொப்பலாகக் கிடந்தால் வேர் தாங்குமா என்று கேட்க வேண்டும். குமரி மாவட்ட நர்சரிகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செடிகளை இந்த ஒரு கேள்வியை வைத்தே இங்கே எடை போட்டிருக்கிறோம். பூ அழகு, இலை அழகு எல்லாம் அடுத்த கணக்கு.

உறைபனி விழும் நாடுகளில் ஒரு நடைமுறை உண்டு. குளிர்காலத்திலும் வெளியே நிற்க வேண்டிய தொட்டிக்குத் தங்கள் ஊர்க் குளிர் மண்டலத்தைவிட இரண்டு படி கூடுதலாகக் குளிர் தாங்கும் செடியை வாங்குவார்கள். தரையில் நட்டால் சுற்றியுள்ள பூமி வேரைக் காக்கும். தொட்டியில் அந்தக் காவல் இல்லை என்பதுதான் காரணம். நமக்கு உறைபனி கிடையாது. மார்கழி விடியலில்கூட நாகர்கோவிலில் 20 டிகிரிக்குக் கீழே போவது அரிது. ஆனால் அதே கணக்கு மழைக்கும் பொருந்தும். தரையில் விழும் நீர் ஆழத்துக்கு இறங்கிப் போய்விடும். தொட்டியில் அடிமட்டத்தில் தங்கிவிடும்; எத்தனை துளை போட்டாலும் கடைசி இரண்டு அங்குலம் ஊறியே கிடக்கும். எனவே வேலியோரம் மழையில் செழித்து நிற்கும் செடி தொட்டியிலும் அப்படியே நிற்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல், 2021 நவம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் பெருமழை ஆகிய மூன்றும் இந்த மழைக்காலத்துக்குள் வந்தவை. அப்படியொரு வாரம் இந்த ஆண்டும் வரும் என்று எண்ணியே செடி எடுங்கள்.

முதல் இடம் இட்லிப்பூவுக்கு. மேற்கே தெற்றி, தெச்சி என்பார்கள். அதிலும் பெரிய இலை, சிவப்புப் பூ உள்ள நாட்டு வகையை எடுங்கள். குட்டை இலை மினி வகை நர்சரியில் கண்ணைப் பறிக்கும். நீர் தேங்கினால் முதலில் நுனி கருகுவதும் அதுதான். இட்லிப்பூ அமிலத்தன்மை உள்ள மண்ணை விரும்பும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண்ணில் தானாகவே நன்றாக வரும். புது சிமெண்ட் தொட்டியில் வைத்தால் சுண்ணாம்பு ஊறி, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது மழை நோய் இல்லை, இரும்புச்சத்து ஏறாததன் அடையாளம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, அரை எலுமிச்சை பிழிந்து, மழையில்லாத மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை. சிமெண்ட் தொட்டிதான் வேண்டுமென்றால் செடி வைக்கும் முன் ஒரு வாரம் தண்ணீர் நிரப்பி, தினமும் கொட்டி மாற்றி வாருங்கள்.

நந்தியாவட்டை, குரோட்டன்ஸ், கல்வாழை மூன்றையும் யோசிக்காமல் எடுக்கலாம். கல்வாழை சதுப்பிலும் வளரும் இனம் என்பதால் மழைநீர் கொட்டும் மூலைக்கு அதைவிடப் பொருத்தமான செடி இல்லை. ஹெலிகோனியாவும் ஈரம் தாங்கும்; காற்று இலையைக் கிழித்துவிடும் என்பதால் சுவர் மறைவு வேண்டும்.

கடலோரத்துக்குத் தனிக் கணக்கு. முட்டம், குளச்சல், கன்னியாகுமரி பக்கம் மழையைவிட உப்புக்காற்றுதான் இலையைக் கருக்கும். கருகல் இலை ஓரத்திலிருந்து உள்ளே வரும். அங்கே அரளிக்கு ஈடில்லை. தடித்த இலை; உப்பையும் தாங்கும், காற்றையும் தாங்கும். தொட்டியில் நீர் வடிந்தால் மழையையும் தாங்கும். ஆனால் இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. சின்னப் பிள்ளைகளோ ஆடு மாடோ இருக்கும் வீட்டில் கைக்கெட்டும் இடத்தில் வைக்காதீர்கள். கவாத்து செய்த கிளையை அடுப்பில் எரிக்கவும் கூடாது. காகிதப்பூவும் கடலோரத்தில் நிற்கும். மழைக்காலத்தில் பூவை விட்டு இலையாகத் தள்ளும். அது அதன் இயல்பு. உரம் போட்டுப் பூக்கவைக்கப் பார்த்தால் இன்னும் இலைதான் வரும்.

இந்த மாவட்டத்தில் இருப்பவர்கள் கட்டாயம் யோசிக்க வேண்டிய செடி புதர் மிளகு. நல்லமிளகுக் கொடியின் காய்க்கும் பக்கக்கிளையை வேர்விடச் செய்தது இது. ஏறாது, படராது, தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். ஆனால் தன் வேரில் நிற்கும் புதர் மிளகு மழைக்காலத்தில் ஆபத்தானது. பைட்டோப்தோரா என்ற நீர்விரும்பிப் பூஞ்சை தண்டின் அடியைப் பிடிக்கும். இலையில் கருப்புத் திட்டு, ஓரம் குஞ்சம் போலச் சிதறியிருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் செடி மொத்தமாக வாடிவிடும். அப்புறம் எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

பைப்பர் கொலுப்ரினம் என்ற பிரேசில் திப்பிலியின் வேரில் ஒட்டுக்கட்டிய செடி இதற்கு மாற்று. சதுப்பில் வளரும் செடி அது. தேங்கிய நீரையும் தாங்கும், பைட்டோப்தோராவையும் எதிர்க்கும். விலை கூடுதல்தான், மழையில் வெளியே நிற்க வேண்டும் என்றால் இதைத் தவிர வேறு மிளகு வாங்க வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். டேப் அவிழ்த்த இடத்தில் தண்டு இரண்டும் ஒன்றாகத் தடித்திருக்க வேண்டும். மேல்கிளையில் திரி, அதாவது மிளகுக் கதிர், ஒன்றாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏறுகொடியை ஒட்டி விற்றிருக்கலாம், அது புதராக நிற்காது. ஒட்டுக்குக் கீழே துளிர் இருந்தால் கிள்ளிப் போட்டுவிட்டு வாங்குங்கள். அந்தத் துளிர் திப்பிலியுடையது, விட்டால் மேலே உள்ள மிளகை அமுக்கிவிடும். வெயில் கூடுதலாக விழும் இடத்துக்குப் பன்னியூர் 1 என்ற மிளகு ரகம், நிழல் சார்ந்த இடத்துக்குக் கரிமுண்டா ரகம். நடும்போது ஒட்டை மண்ணுக்குள் புதைத்துவிட்டால் மிளகுத் தண்டே வேர்விட்டு, நோய் அந்த வழியாக ஏறிவிடும். கூடுதல் விலை கொடுத்ததற்குப் பலன் இல்லாமல் போகும். இந்தச் செடிக்கு ஒரு குறையும் உண்டு. மாசி, பங்குனியில் தண்ணீர் ஒரு நாள் தவறினாலும் சோர்ந்துவிடும்.

செம்பருத்தி, பிச்சி இரண்டும் நடுத்தரம். செடி சாகாது. ஆனால் ஐப்பசியில் மொட்டு உதிரும், இலை மஞ்சளாகும். நாட்டுச் சிவப்புச் செம்பருத்தி தாங்கும் அளவுக்கு அடுக்கு வகைகளும் கலப்பின நிறங்களும் தாங்குவதில்லை. ரோஜாவில் மழை தொடங்கிய சில வாரத்தில் இலையில் கரும்புள்ளி வந்து மொட்டைக் கம்பாக நிற்கும். காலை வெயில் விழும், மேலே மழை நேராக விழாத இடம் இருந்தால் மட்டும் எடுங்கள். துளசியை ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் புதிதாக விதைத்துக்கொள்வது எளிது.

அடீனியம், ஜேடு, உருண்டைக் கள்ளி, பெட்டூனியா, ஜெரேனியம், கலப்பின நித்தியகல்யாணி ஆகியவற்றை வெளியே வைக்க வாங்காதீர்கள். அடீனியத்தின் பருத்த அடிப்பகுதி அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகுமானால் அழுகல் தொடங்கிவிட்டது. புரட்டாசி பாதியிலேயே சன்ஷேடுக்குக் கீழே கொண்டுபோய்த் தண்ணீரைக் குறைத்தால்தான் பிழைக்கும். சதைப்பற்றுள்ள செடிகளில் பாம்புக் கற்றாழை மட்டும் இதற்கு விதிவிலக்கு. பாதி மணல் கலந்த மண் சட்டியில் வைத்தால் நிற்கும்.

இனி வாங்கும் நேரம். ஆவணி முதல் வாரம் வாங்கித் தொட்டி மாற்றினால் ஐப்பசிக்கு முன் எட்டு வாரம் கிடைக்கும். வேர் புதுக் கலவைக்குள் இறங்க அவ்வளவு நாள் வேண்டும். மழை தொடங்கிய பிறகு வாங்கினால் தொட்டி மாற்றாமல் கவரோடு சன்ஷேடு ஓரத்தில் வைத்து, தையில் மாற்றுங்கள். நர்சரிச் செடி பச்சை வலை நிழலில் வளர்ந்தது. நேரே மொட்டை மாடிக்குக் கொண்டுபோனால் இலை வெளுத்துக் கருகும். முதல் நாலு நாள் நிழல், அடுத்த ஆறு நாள் காலை வெயில், அதற்குப் பிறகு முழு வெயில் என்று பழக்குங்கள்.

கடையில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்யலாம். கவரில் ஒரு கப் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் மேலேயே தேங்கினால் உள்ளே களிமண். அடித்துளை அருகே முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் வேர் ஏற்கெனவே மூச்சுத் திணறிக் கிடக்கிறது, விட்டுவிடுங்கள். துளை வழியாக வேர் வெளியே வந்து சுற்றியிருந்தால், நடும்போது வெளிச்சுற்று வேரை இரண்டு மூன்று இடத்தில் கத்தியால் கீறிப் பிரித்துவிட வேண்டும். களிமண் உருண்டையை அப்படியே கலவைக்குள் வைத்தால் கலவை காய்ந்த பிறகும் உருண்டை ஊறியே கிடக்கும். வெளி மண்ணில் மூன்றில் ஒரு பங்கை உதிர்த்துவிட்டு நடுங்கள். கன்னியாகுமரியில் உள்ள அரசு தோட்டக்கலைப் பண்ணையில் கேட்டுப் பார்த்துவிட்டுச் சாலையோர நர்சரிகளுக்குப் போவது நல்லது. பண்ணைச் செடி அலங்காரம் குறைவாக இருக்கும், பெயர் தெரிந்த வகையாக இருக்கும்.

கலவையில்தான் கூடுதலாகத் தவறு நடக்கிறது. பாதிக்குப் பாதி கோகோபீட் (தென்னை நார்த்தூள்) போடச் சொல்வது வெயில் ஊர்களுக்கான கணக்கு. ஐப்பசி மழையில் அது பஞ்சு மாதிரி நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே நிற்கும் தொட்டிக்குச் செம்மண் 2 பங்கு, பருமணல் 2 பங்கு, கோகோபீட் 1 பங்கு, மட்கிய தொழுவுரம் 1 பங்கு. 12 அங்குல விட்டமும் 12 அங்குல உயரமும் உள்ள பை சுமார் 20 லிட்டர் பிடிக்கும். அதற்குச் செம்மண்ணும் மணலும் ஆறரை லிட்டர் வீதம், மற்ற இரண்டும் மூன்றரை லிட்டர் வீதம், வேப்பம் புண்ணாக்கு 100 கிராம். தொழுவுரத்தில் 20 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் கலந்து, ஈரச்சாக்கு மூடி, நிழலில் பத்து நாள் வைத்துவிட்டுச் சேர்த்தால் வேரழுகலுக்கு நல்ல காவல். எம்.சாண்ட் என்றால் தூசியைச் சலித்துக் கழுவிவிடுங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். உப்பும் இருக்கும், மணியும் நைசாக இருப்பதால் நீர் வடியாது. அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்ற நம்பிக்கையும் தவறு. தேங்கும் ஈரமட்டம் ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்துவிடும். துளையின் மேல் ஓர் ஓட்டுத்துண்டு போதும்.

பூஞ்சை நோய்க்குப் போர்டோ கலவை தெளிப்பவர்கள் ஒரு லிட்டருக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 10 கிராம், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம் எடுத்து, தனித்தனிப் பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் வீதம் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றுங்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்புநிறம் படியக் கூடாது. படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிட வேண்டும். இதை மண்ணில் ஊற்றினால் டிரைக்கோடெர்மாவும் சாகும். இரண்டுக்கும் நடுவே பதினைந்து நாளாவது இடைவெளி விடுங்கள்.

தொட்டிகளில் எங்கள் தேர்வு மண் தொட்டி. சுவர் வழியாகவும் ஈரம் போகும், கனமும் உண்டு. மாடிக்குக் கனம் தடை என்றால் எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பை, 220 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு 220 கிராம்) குறையாமல் வாங்குங்கள், மெல்லிய கவர் பை வெயிலில் நொறுங்கிவிடும். பையின் துளை அடியில் மட்டும் இருந்தால் தளத்தோடு ஒட்டி அடைத்துக்கொள்ளும். பக்கவாட்டில் ஓர் அங்குல உயரத்தில் நாலு துளை கூடுதலாகப் போடுங்கள். எந்தத் தொட்டியானாலும் மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள், அடித்தட்டை எடுத்துவிடுங்கள். நனைந்த 20 லிட்டர் பை முப்பது கிலோ வரை எடை வரும். மட்டுப்பாவின் (மொட்டை மாடியின்) நடுவில் கூட்டமாக வைக்காமல் சுவரும் உத்தரமும் தாங்கும் ஓரத்தில் வரிசையாக வையுங்கள்.

ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கத்தார் ஆடிக் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். முப்பந்தலில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் தொட்டியைச் சாய்க்கும். செடியின் உயரம் தொட்டி உயரத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டாமல் வைகாசியிலேயே கவாத்து செய்து வையுங்கள்.

மழை விட்டதும் இலை வெளுத்திருந்தால் பயப்பட வேண்டாம், தழைச்சத்தும் சாம்பல்சத்தும் கரைந்து போயிருக்கும். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தொட்டிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரமும் ஒரு கைப்பிடி அடுப்புச் சாம்பலும் கிளறிவிடுங்கள். அமிலத்தன்மை வேண்டிய இட்லிப்பூவுக்குச் சாம்பல் வேண்டாம். தை வெயில் ஏறும்போது செம்பருத்தியின் நுனியில் மாவுப்பூச்சி வரும். முதலில் தெரியும்போதே நுனியை வெட்டிக் கவரில் கட்டிப் போட்டால் மருந்து தேவைப்படாது.