பழைய கார் டோர் பேட் ரிப்பேர்: என் 6,500 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

மன்னார்குடி பக்கம் ஒரு கடை. சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்டீரியோ எல்லாம் போட்டுத் தருவார்கள், 'இன்டீரியர் பிளாஸ்டிக் வேலை' என்றும் போர்டில் எழுதியிருக்கும். அங்கே என்னிடம் 6,500 ரூபாயைக் கறந்துவிட்டார்கள். பெயரைப் போடவில்லை, போட்டால் பஞ்சாயத்து வேறு மாதிரி போகும். பழைய கார் வைத்திருப்பவர்கள் சரியான ஆளை எப்படிப் பிடிப்பது என்று கடைசியில் சுருக்கமாக எழுதுகிறேன்.

வண்டி 2005 சான்ட்ரோ. எஞ்சின் இன்னும் கல்லுமாதிரி இருக்கிறது, உள்ளே பிளாஸ்டிக்தான் தகராறு. டிரைவர் பக்கத்து டோர் பேடில், அதாவது கதவின் உள்பக்க பிளாஸ்டிக் பலகையில், கைப்பிடி ஓரம் விரிசல். பின்னால் கிளிப் மாட்டுகிற காதுகள் பாதி உடைந்துபோய், கதவைச் சாத்தினால் கதவு தனியாகவும் பேட் தனியாகவும் ஆடும். இடது பக்கமும் அதே கதை. கியர் லீவரைச் சுற்றியிருக்கும் கன்சோலிலும் லாக் போய்விட்டது. புதுசு எங்கேயும் கிடைக்கவில்லை. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் பழசு கிடைக்கலாம், ஆனால் நிறம் சேர வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரத்தில் யார் போய் அலைவது? இருப்பதையே சரி செய்யலாம் என்றுதான் அந்தக் கடைக்குப் போனேன்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?" என்று ஆரம்பித்தார் ஓனர்.

வலங்கைமான் என்றேன்.

"அட, எங்க சித்தி வீடு அங்கதாண்ணே. பாடைக்காவடித் திருவிழாவுக்கு வருஷா வருஷம் வந்துருவேன். மாரியம்மன் கோயில் தெருவுல வந்து கேட்டுப் பாருங்க, என்னைத் தெரியாதவங்க கிடையாது."

டீ வந்தது. டோர் பேடை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார், ஓரத்தை லேசாக நெம்பி உள்ளே டார்ச் அடித்தார், டாக்டர் மாதிரி தலையை ஆட்டினார். பக்கத்தில் கிடந்த ஒரு பம்பரைத் தூக்கி, "இது ரெண்டா உடைஞ்சு வந்துச்சுண்ணே, எங்க உடைஞ்சதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார். நிஜமாகவே தெரியவில்லை. "பசையைத் தொடுற வேலையே இல்ல. ஹாட் ஏர் கன், ராடு வெச்சு வெல்டிங். உடைஞ்ச இடம்தான் இனிமே கெட்டி." சொந்த ஊர்க்காரர் பேச்சு, கண்ணெதிரே பம்பர். இதற்குமேல் ஒரு மனுஷன் என்னத்தைக் கேட்பான்? 4,000 முன்பணம், வண்டி எடுக்கும்போது 2,500. பில் கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்னால் '6500 வரவு' என்று எழுதி ஒரு கிறுக்கல் கையெழுத்து.

எடுக்கும்போது உள்ளே எல்லாம் பாலிஷ் போட்டுப் பளபளத்தது. விரிசல் இருந்த இடத்தில் கறுப்பு ரெக்சின், பார்க்க நன்றாகவே இருந்தது.

அதே வாரம் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டினேன். அந்த கேட் எவ்வளவு நேரம் காக்க வைக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை வெயில், எஞ்சினை அணைத்துக் கண்ணாடியை இறக்கி முழங்கையை வைத்தேன். சடசடவென்று சத்தம், மொத்த பேடும் கழன்று தொடைமேல் விழுந்தது.

திருப்பிப் பார்த்தால் வெல்டிங் செய்த அடையாளமே இல்லை. காதுகளில் சூப்பர் க்ளூ, சுற்றிலும் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதன்மேல் எம்-சீல் உருண்டைகள். ஒரு உருண்டையை நகத்தால் நெம்பினேன், முழுசாகக் கையோடு வந்தது, அடியில் பிளாஸ்டிக் வழவழவென்று அப்படியே இருந்தது. காது இல்லாத இடங்களில் கதவுத் தகரத்தில் புதுசாக ஓட்டை போட்டு ஸ்க்ரூ இறக்கி, அதை மறைக்கத்தான் ரெக்சின். இதைவிட வயிறெரிகிற விஷயம், கதவுக்கும் பேடுக்கும் நடுவில் ஒட்டியிருக்கும் பாலித்தீன் ஷீட்டைக் காணோம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் உள்ளே வராமல் கீழ் ஓட்டை வழியாக வெளியே போவது அந்த ஷீட்டால்தான். ஐப்பசி மழையில் என் கால்மிதி குளமாகும்.

போன் அடித்தால் கடைப் பையன் எடுத்து, "ஓனர் வேளாங்கண்ணி போயிருக்காரு" என்றான். நேரில் போனேன், ஓனரின் பைக் வாசலில் நிற்கிறது. நாளைக்கு வாங்க, ஆள் லீவு, கரண்ட் இல்லை என்று இழுத்தடித்து ஒருவழியாக அவரே வெளியே வந்தார்.

"வெயில்ல நிறுத்துனீங்களா சார்?"

டெல்டாவில் சித்திரையில் காரை ஃபிரிட்ஜிலா வைப்பார்கள்?

"பழைய வண்டி சார், பிளாஸ்டிக்கே உளுத்துப்போச்சு. ஒட்டு வேலைக்கு எந்தக் கடையிலும் கேரண்டி கிடையாது. வேணும்னா பழைய பேட் வாங்கிட்டு வாங்க, 800 குடுங்க, மாட்டித் தரேன்."

ஒட்டு வேலையாம்! 6,500 வாங்கும்போது வெல்டிங், திருப்பிக் கேட்டால் ஒட்டு. அன்று ராத்திரியே வாட்ஸப்பில் பிளாக்.

கும்பகோணத்தில் பைக் டூம் (ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கவர்), பம்பர் வெல்டிங் செய்யும் ஒருவரிடம் பேடைக் காட்டினேன். பின்பக்கம் அச்சிலேயே வார்த்திருந்த சின்ன எழுத்தைக் காட்டினார்: பி.பி. பாலிப்ரோப்பிலீன். இதில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காதாம். சூடு காட்டி, இதே பி.பி. ராடை உருக்கித்தான் சேர்க்க வேண்டும். கல்யாண மண்டபத்து நாற்காலியும் இதே வகைதான். தெருவில் பிளாஸ்டிக் குடம் அடைக்க வருகிறவர்கூடக் கம்பியைச் சுட்டுத்தான் வேலை பார்ப்பார், பசையைத் தொடமாட்டார். ஏ.பி.எஸ். என்று போட்டிருந்தால் அது வேறு வகை பிளாஸ்டிக், அசிட்டோனில் கரையும், அதை வைத்தே ஒட்டலாம். என் பேடில் க்ளூ ஊறிய இடத்தையெல்லாம் சுரண்டி எடுக்காமல் வெல்டிங் பிடிக்காது, சுரண்டினால் காதே மிஞ்சாது என்றார். முதலிலேயே அவரிடம் போயிருந்தால் கன்சோலோடு சேர்த்து 1,500-க்குள் முடிந்திருக்குமாம். நான் அழுதது 6,500.

விவரமாக எழுத இப்போது கை வரவில்லை, கோபம்தான் வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவுதான்: பேடைக் கழற்றிப் பின்னால் இருக்கும் எழுத்தைப் படியுங்கள். வெல்டிங் என்று சொன்னால் ஒரு காதை உங்கள் எதிரிலேயே போடச் சொல்லுங்கள், இழுத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பாலித்தீன் ஷீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். பில் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். ஜிபே-யில் அனுப்பினால் எதற்கு என்று ஒரு வரி எழுதிவிடுங்கள், அந்தக் கிறுக்கல் கார்டை விட்டால், நான் கொடுத்த 2,500-க்கு அந்த ஒரு சாட்சிதான் இருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915, அதில் புகார் சொல்லியாயிற்று. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். திங்கட்கிழமை திருவாரூர் போகிறேன்.