ஃபைலா, பிளக்-இன்னா: ஷாப்பிங் ஃபீட் மக்கர் பண்ணும் நாளில் எது கைகொடுக்கும்?

கூகுள் ஷாப்பிங் விளம்பரத்துக்காக நம் கடையின் பொருள் பட்டியலை (இதைத்தான் ஃபீட் என்கிறார்கள்) கூகுளின் மெர்ச்சன்ட் சென்டருக்குள் கொண்டுபோகப் பல வழிகள் உண்டு. கூகுள் ஷீட்டில் கையால் நிரப்பலாம். தளத்தைக் கூகுளே படித்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். கடை மென்பொருளில் ஒரு பிளக்-இன் (கூடுதலாகச் சேர்க்கும் சிறு மென்பொருள்) போட்டு ஏபிஐ, அதாவது மென்பொருளும் மென்பொருளும் நேரடியாகப் பேசும் வழி, மூலம் அனுப்பலாம். இல்லையென்றால் நம் சர்வர் ஒரு ஃபைலை எழுதி வைக்க, கூகுள் தினம் ஒருமுறை வந்து எடுத்துப் போகும்.

முதல் இரண்டையும் சட்டென்று தாண்டிவிடுகிறேன். ஐம்பது பொருளுக்கு ஷீட் தாராளம். தளத்தைப் படிக்க விடும் வழி, ஸ்கீமா குறியீடு (விலை, இருப்பு போன்றவற்றைக் கூகுள் படிக்கப் பக்கத்தில் எழுதி வைப்பது) சுத்தமாக இருக்கும் கடைகளுக்குச் சரிப்படும். போட்டியே பிளக்-இன்னுக்கும் ஃபைலுக்கும்தான். இரண்டையும் வைத்துக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். இப்போது ஃபைல் பக்கம் இருக்கிறேன், திரும்பிப் போகிற எண்ணம் இல்லை.

பிளக்-இன்னின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே. நிறுவ அரை மணி நேரம், அப்புறம் கடையில் விலையை மாற்றினால் சிறிது நேரத்தில் அங்கேயும் மாறிவிடும். ஒரு பொருளில் பிழை என்றால் அது மட்டும் நிற்கும், மற்றவை போய்ச் சேரும். எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளில் ஃபைலைவிட இதுதான் சொகுசு. ஒழுங்காக ஓடாத நாளைப் பற்றித்தான் என் பேச்சு.

ஒரு நாள் காலை 'விலை பொருந்தவில்லை' என்று சில பொருட்கள் நிராகரிக்கப்பட்டிருந்தன. மறுநாள் இன்னும் சில. வழக்கமான சந்தேகங்களை வரிசையாகத் துருவினேன்: பக்கத்தின் கேஷ் (சேமித்து வைத்த நகல்) பழையதா, ஸ்கீமாவில் முதல் வேரியன்ட்டின் (நிறம், அளவு என்று மாறும் வகை) விலை உட்கார்ந்திருக்கிறதா, தள்ளுபடி முடிந்த பிறகும் தள்ளுபடி விலை போகிறதா. எதுவும் இல்லை. கடையில் விலை சரி, பக்கத்தில் சரி, பிளக்-இன் திரையிலும் சரி. இதற்கிடையே கஸ்டம் லேபிள் (பொருட்களைப் பிரிக்க நாமே ஒட்டும் அடையாளம்) வைத்துப் பிரித்திருந்த கேம்பெய்ன்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன.

இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது: மொத்தப் பொருள் எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. ஒரே தலைப்பில் இரண்டு பொருள். ஒன்றின் ஐடி 1042, மற்றதன் ஐடி அதே 1042, ஆனால் முன்னால் நாலெழுத்து ஒட்டு. பிளக்-இன் தன்னைத் தானே அப்டேட் செய்துகொண்டபோது ஐடி அமைப்பை மாற்றிவிட்டது. கூகுளைப் பொறுத்தவரை ஐடி மாறினால் அது வேறு பொருள். புதியவை உள்ளே வந்தன, பழையவற்றை யாரும் நீக்கவில்லை. ஏபிஐயில் போட்ட பொருள், நீக்கவோ புதுப்பிக்கவோ செய்யாவிட்டால் 30 நாள் அங்கேயே கிடக்கும். அந்தப் பழைய உருப்படிகள் பழைய விலையோடு கிடந்ததால், கடையில் விலை மாற மாற ஒவ்வொன்றாக நிராகரிப்பில் விழுந்தன. லேபிள்கள் துணை ஃபீடில் (முதன்மைப் பட்டியலுக்குக் கூடுதல் விவரம் சேர்க்கும் பட்டியல்) இருந்தன. துணை ஃபீட் ஐடியை வைத்துத்தான் ஒட்டும், புது ஐடியோடு அது ஒட்டவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், நான் தேடியது நாலு இடத்தில்.

நேற்று என்ன அனுப்பினோம் என்று பார்க்க எனக்கு வழியே இல்லாமல் போனதுதான் இதில் வயிற்றெரிச்சல். மெர்ச்சன்ட் சென்டரில் பொருளைத் திறந்தால் இப்போதைய மதிப்புகள் தெரியும். பிளக்-இன்னில் 'வெற்றிகரமாக ஒத்திசைக்கப்பட்டது' என்று பச்சையாக எரியும். கடைக்கும் கூகுளுக்கும் நடுவே போனது என்ன என்பது யார் கையிலும் இல்லை.

ஃபைல் அந்த நடு இடத்தில் கிடக்கிறது. நேற்றைய ஃபைலையும் இன்றையதையும் டிஃப் போட்டால் (வித்தியாசத்தை மட்டும் காட்டும் ஒப்பீடு), ஐடி பத்தி முழுக்க மாறியிருப்பது முதல் திரையிலேயே தெரிந்துவிடும். அதோடு, ஃபைலில் மதிப்பு சரியென்றால் தவறு அதற்கு அந்தப் பக்கம். ஃபைலிலேயே தவறென்றால் இந்தப் பக்கம். தேட வேண்டிய இடம் உடனே பாதியாகிறது.

ஜிடிஐஎன்னை, அதாவது பொருளின் பார்கோடு எண்ணை, எடுத்துக்கொள்ளுங்கள். 036000291452 என்பது 12 இலக்க பார்கோடு எண். இதை எண்ணாகச் சேமிக்கும் டேட்டாபேஸ் பத்தியோ, ஃபைலைத் திறந்து சேமித்த விரிதாளோ, முன்னாலுள்ள சுழியத்தைத் தின்றுவிடும். மிஞ்சுவது 36000291452, அதாவது 11 இலக்கம். ஜிடிஐஎன் 8, 12, 13, 14 இலக்கங்களில்தான் இருக்க முடியும் என்பதால் பொருள் 'தவறான ஜிடிஐஎன்' என்று திரும்பி வரும். 13 இலக்கம் என்றால் விரிதாள் அதை 8.9E+12 என்று சுருக்கி வைக்கும், இது இன்னும் மோசம். பிளக்-இன்னில் இது கடையில் கெட்டதா, வழியில் கெட்டதா என்று ஊகிக்க வேண்டும். ஃபைலைச் சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் கண்ணுக்கு நேரே நிற்கும். விரிதாளில் மட்டும் திறக்காதீர்கள், பார்க்கப் போய் நீங்களே கெடுத்துவிடுவீர்கள்.

சரி, ஃபைலில் குறையே இல்லையா? நிறைய உண்டு. டிஎஸ்வியில் (டேப் போட்டுப் பத்தி பிரிக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) விவரணைக்குள் ஒரு டேப் நுழைந்தால் அந்த வரியின் பத்திகள் எல்லாம் ஒரு கட்டம் தள்ளி உட்காரும், விலை இருக்க வேண்டிய இடத்தில் வாக்கியம் வந்து நிற்கும். குறிச்சொற்களால் எழுதும் எக்ஸ்எம்எல் ஃபைலில் & என்று மாற்றாமல் வெறுமனே விட்ட ஒரே ஒரு & குறி போதும், ஃபைல் முழுக்கப் படுத்துவிடும். ஏபிஐயில் ஒரு பொருளோடு போகும் பிழை இங்கே மொத்தக் கடையையும் சாய்க்கலாம். எனக்கு நடந்தது வேறு ஒன்று: சர்வர் ஃபைலை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் கூகுள் வந்து பாதியை எடுத்துப் போய்விட்டது. ஃபைலில் இல்லாத பொருள் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டுவிடும், அதனால் பாதிக் கடை காணாமல் போனது. அன்றிலிருந்து தற்காலிகப் பெயரில் எழுதி, வரி எண்ணிக்கை நேற்றையதைவிட வெகுவாகக் குறையவில்லை என்று பார்த்த பிறகே உண்மையான பெயருக்கு மாற்றுகிறேன். பத்து வரி ஸ்கிரிப்ட்தான்.

பராமரிப்பு என்று பார்த்தால் இன்னொன்று. பல பிளக்-இன்கள் நம்பியிருந்த கன்டென்ட் ஏபிஐக்கு 2026 ஆகஸ்ட்டோடு முடிவு என்று கூகுள் அறிவித்து, அந்த இடத்துக்கு மெர்ச்சன்ட் ஏபிஐயைக் கொண்டுவந்தது. பிளக்-இன் எழுதியவர் சரியாக மாறிக்கொண்டால் நமக்குக் கவலையில்லை. மாறும்போது ஐடி விஷயத்தில் என்ன செய்வார் என்பதுதான் எனக்குள்ள பயம், சூடு கண்ட பூனை நான். டேப் போட்டுப் பிரித்த டெக்ஸ்ட் ஃபைலுக்கு இந்தத் தலைவலி கிடையாது. அதே ஃபைலை மைக்ரோசாஃப்ட் மெர்ச்சன்ட் சென்டருக்கும் கொடுக்கலாம்.

ஆனால் நான் பார்த்ததெல்லாம் சில ஆயிரம் பொருட்கள், ஒரே மொழி, ஒரே நாணயம். விலை மணிக்கொரு முறை மாறும் கடைக்கும், ஒன்றிரண்டே இருப்பு வைத்து விற்கும் கடைக்கும் தினம் ஒருமுறை எடுக்கும் ஃபைல் போதாது. தானியங்கிப் புதுப்பிப்பை இயக்கி வைத்தால் பக்கத்து ஸ்கீமாவைப் பார்த்து விலையையும் இருப்பையும் கூகுளே திருத்திக்கொள்ளும், ஆனால் அது சில்லறை வித்தியாசங்களுக்குத்தான். அப்படிப்பட்ட கடைக்காரர் ஏபிஐயை எடுத்துக்கொண்டு, அனுப்பும் ஒவ்வொன்றையும் தன் பக்கமும் ஒரு லாகில் (பதிவேட்டில்) எழுதி வைப்பது நல்லது. பிளக்-இன்னில் அந்த வசதி இருக்கிறதா என்று நிறுவும் முன்பே பாருங்கள்.

நான் தினசரி ஃபைலைத் தேதி போட்டு 45 நாள் வைத்திருக்கிறேன். 30 நாளில் காலாவதியாகும் ஒரு பொருளைப் பின்னோக்கித் தேட அது போதுகிறது.