8 மி.மீ. வீட்டு ஸ்கேனர்: மாமா முகம் தெரியும், பின்னால் இருக்கும் கடைப்பலகை தெரியாது

இணையக் கடைகளில் சில நூறு வெள்ளிக்குக் கிடைக்கும் 8 மி.மீ. ஃபிலிம் ஸ்கேனர்கள் மூன்று நான்கு பெயர்களில் வருகின்றன. பெட்டியின் நிறம் மாறும், திரை கொஞ்சம் பெரிதாகும், வேலை செய்யும் முறை ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு சிறு நகம் ஃபிலிமின் துளையில் மாட்டி ஒரு ஃபிரேம் இழுக்கிறது. ஃபிலிம் நிற்கிறது. ஒரு பக்கம் எல்இடி வெளிச்சம், மறுபக்கம் சென்சார், ஒரு படம். பிறகு மறுபடி நகம். விநாடிக்குச் சுமார் இரண்டு ஃபிரேம். ரீல் முடிந்ததும் எஸ்டி அட்டையில் ஓர் எம்பி4 கோப்பு இருக்கும். கணினி தேவையில்லை.

ரீலில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் தரம் பிரிக்க இது அருமையான கருவி. பாதுகாத்து வைக்கும் பிரதி எடுக்க இது போதாது. சிங்கப்பூரில் எடுத்த ரீல்களுக்கு இந்த இரண்டாவது வாக்கியம் கூடுதல் அழுத்தத்தோடு பொருந்தும்.

காரணம் பின்னணி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் கேமரா பிடித்தவர் பிள்ளையையும் பெண்டாட்டியையும்தான் எடுத்தார், ஊரை அல்ல. ஆனால் இன்று அந்த ரீலுக்கு மதிப்பு கூட்டுவது அவர்கள் தோளுக்குப் பின்னால் தெரிவதுதான். தைப்பூசத்தில் காவடிக்குப் பின்னே நிற்பது 1983 குடமுழுக்குக்கு முந்தைய பழைய டேங்க் ரோடு செட்டியார் கோயிலாக இருக்கலாம். காய்கறிக் கூடையோடு அம்மா நடந்து வரும் தேக்கா, 1982-இல் இன்றைய இடத்துக்கு மாறுவதற்கு முந்தைய பழைய சந்தையாக இருக்கலாம். ஆற்றில் நெருக்கியடித்து நிற்கும் சரக்குப் படகுகள் 1983-இல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டுவிட்டன. ஃபோர்ட் கேனிங் அடிவாரத்துத் தேசிய அரங்கு 1963-இல் திறந்து 1986-இல் இடிக்கப்பட்டது. முகத்துவாரம் முழுக்கத் தெரிந்தும் மெர்லயன் இல்லையென்றால் படம் 1972 செப்டம்பருக்கு முந்தையது. ரீலுக்கு வயது சொல்பவை இவை, பலகை எழுத்து, பேருந்தின் நிறம், கோபுரத்தின் வடிவம். வீட்டு ஸ்கேனர் முதலில் கோட்டைவிடுவதும் இவற்றைத்தான்.

ரீலைக் கருவியில் மாட்டுமுன் அது எந்த வகை என்று பாருங்கள். 1932-இல் வந்த ரெகுலர் 8-இல் துளை பெரியது, இரண்டு ஃபிரேம்களுக்கு இடையிலான கோட்டருகே இருக்கும். 1965-இல் வந்த சூப்பர் 8-இல் துளை சிறியது, ஃபிரேமின் நடுவுக்கு நேராக இருக்கும். ரீலின் நடு ஓட்டையும் ரெகுலருக்குச் சின்னது, சூப்பருக்குப் பெரியது. ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது, பழைய ஆட்கள் கைக்குக் கிடைத்த ரீலில் சுற்றி வைத்திருப்பார்கள். கருவியின் மெனுவில் வகையை மாற்றித் தேர்ந்தெடுத்தால் ஃபிரேமின் கீழ்பாதியும் அடுத்ததன் மேல்பாதியும் ஒட்டி வரும். கருவி பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களில் சிலருக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்.

அடுத்து மூக்கு. டப்பாவைத் திறந்ததும் காடி நெடி வந்தால் ஃபிலிமின் அசிட்டேட் என்னும் பிளாஸ்டிக் அடித்தளம் சிதையத் தொடங்கிவிட்டது. வெப்பமும் ஈரமும் அசிட்டேட்டை உடைத்து அசிட்டிக் அமிலத்தை வெளியேற்றுகின்றன, அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்துகிறது. ஆண்டு முழுக்க ஈரப்பதம் எண்பது விழுக்காட்டைச் சுற்றி நிற்கும் ஊரில், வீவக வீட்டு ஸ்டோர் ரூமில் நாற்பது ஆண்டு கிடந்த ரீலுக்கு இது வியப்பில்லை. நீலத்திலிருந்து பச்சைக்கும் மஞ்சளுக்கும் மாறும் ஏ-டி பட்டைகளை டப்பாவுக்குள் வைத்துச் சிதைவின் அளவை அறியலாம். நெடியுள்ள ரீலை மற்றவற்றோடு வைக்காதீர்கள், காற்றுப்புகாத தகர டப்பாவிலும் அடைக்காதீர்கள். அமிலம் வெளியேற வழி வேண்டும். ஃபுஜியின் சிங்கிள் 8 பாலியெஸ்டர், அதற்கு இந்த நோய் இல்லை. ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் பாலியெஸ்டர் ஒளியை விடும், அசிட்டேட் விடாது.

சிதைவோடு சேர்ந்து வருவது சுருக்கம். அதே வகைப் புதிய லீடர் (ரீலின் தொடக்கத்தில் ஒட்டும் வெற்று ஃபிலிம்) ஒன்றைப் பழைய ஃபிலிமின் பக்கத்தில் வைத்து முதல் துளையைப் பொருத்துங்கள். நூறு துளை தள்ளிப் போய்ப் பார்க்கும்போது ஒரு துளை அளவுக்கு விலகியிருந்தால் சுருக்கம் ஒரு விழுக்காடு. அந்த அளவில் நகத்தால் இழுக்கும் எந்தக் கருவியையும் நம்பக்கூடாது, புரொஜெக்டர் உட்பட. துளைக்கு முன்னால் நகம் இறங்கும், துளை கிழியும். துளையின் தயவு இல்லாமல் உருளைகளால் நகர்த்தும் தொழில்முறை ஸ்கேனர்தான் வழி.

பூஞ்சை வேறு கதை. வெள்ளை வலை போலத் தெரிவது, படம் பதிந்திருக்கும் ஜெலட்டின் படலத்தைத் தின்னும் உயிர். மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு திறக்கவும். முதலில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து உலர்த்தி, பிறகு பிசிறு விடாத துணியில் 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சிறிது நனைத்து, இரண்டு விரலுக்கிடையே ஃபிலிமை மெல்ல ஓடவிட்டுத் துடைக்கலாம். மருந்தகத்தில் எளிதாகக் கிடைக்கும் 70 விழுக்காடு வேண்டாம். அதில் மீதி தண்ணீர், பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்து படத்தோடு வந்துவிடும். துடைத்தது ஆவியாகும் முன் சுற்றவும் கூடாது.

இனி கருவி. பெரும்பாலான குறைகள் ஃபிலிமை மாட்டுவதில் தொடங்குகின்றன. பாதையில் உள்ள முளைகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் ஃபிலிம் கேட்டில், அதாவது படமெடுக்கப்படும் சிறு சன்னலில், தட்டையாக உட்காராது, படம் ஒரு பக்கம் மங்கும். ஆட்டம் வந்தால் பலரும் நகத்தைக் குறை சொல்வார்கள். உண்மையில் சுற்றிக்கொள்ளும் ரீல் அதிகமாக இழுப்பதோ, அவிழும் ரீல் இறுகிச் சுழலாமல் நிற்பதோதான் பெரும்பாலும் காரணம். நகம் விட்ட இடத்தில் ஃபிலிம் நிற்க வேண்டும், இழுவை அதை நகர்த்தக்கூடாது. அவிழும் பக்கத்து ரீல் விரலால் தட்டினால் சுற்றும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். வளைந்த பிளாஸ்டிக் ரீலை மாற்றிவிடுங்கள். ஃபிலிம் துண்டுகளை இணைத்த பழைய ஒட்டுகளைத் தொடங்கும் முன்பே பார்த்துவிட வேண்டும். சிமென்ட் ஒட்டு காய்ந்து பிரியும், டேப் ஒட்டின் பசை கசிந்து அடுத்த சுற்றில் ஒட்டியிருக்கும். இரண்டும் கேட்டில் சிக்கும், சிக்கியது தெரியாமல் கருவி அதே ஃபிரேமைப் பத்து நிமிடம் படமெடுத்துக்கொண்டிருக்கும். ஆகவே ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

ஒவ்வொரு ரீலுக்கும் கேட்டைப் புளோயராலும் பஞ்சுக்குச்சியாலும் சுத்தம் செய்யுங்கள். ஓரத்தில் ஒரு மயிரிழை ஒட்டிக்கொண்டால் ரீல் முழுக்க ஆடிக்கொண்டே வரும்.

அமைப்புகளில் கைவைக்க வேண்டியவை இரண்டு. கூர்மையை அடிமட்டத்துக்குக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேட்டி ஓரத்தில் ஒளிவட்டம் போலக் கோடு விழும், ஃபிலிமின் மணி மணியான துகள்கள் மணலாகும். ஒளியளவை ஒரு படி குறைத்து வையுங்கள். நம்மூர் உச்சி வெயிலில் எடுத்த வெள்ளைச் சட்டையும் வானமும் ஒருமுறை வெளுத்துப் பதிந்துவிட்டால் எந்த மென்பொருளாலும் திரும்ப வராது, இருட்டைப் பிறகு கொஞ்சம் தூக்கிக்கொள்ளலாம். ஐந்தடி வழி நிழலிலிருந்து சாலை வெயிலுக்குக் கேமரா திரும்பும் இடங்களில் தானியங்கி ஒளியளவு துடிக்கும். இந்த விலைக் கருவிகளில் அதைப் பூட்ட வழியில்லை.

வேகம் அடுத்த தொல்லை. கோப்பு விநாடிக்கு 20 ஃபிரேமில் வரும். சூப்பர் 8 எடுக்கப்பட்டது பெரும்பாலும் 18-இல், ரெகுலர் 8 பெரும்பாலும் 16-இல். அப்படியே பார்த்தால் ஊர்வலம் ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் கிளிப்பின் பண்புகளுக்குள் ஃபிரேம் வேகத்தை 18 அல்லது 16 என்று மாற்றினால் போதும். விழுக்காடு மட்டுமே கேட்கும் மென்பொருளில் முறையே 90, 80 என்று கொடுங்கள். இடையில் ஃபிரேம்களை உருவாக்கி வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்து வையுங்கள்.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 50 அடி சூப்பர் 8 ரீலில் 3,600 ஃபிரேம். திரையில் 3 நிமிடம் 20 விநாடி, ஸ்கேனரில் அரை மணி. 400 அடி ரீலுக்கு 4 மணி நேரம். ஒரு பெட்டி ரீல் இருந்தால் சில வார இறுதிகள் போகும்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கோப்பில் எவை இருக்காது? முதலாவது ஒலி. சூப்பர் 8-இல் 1973 முதல் ஒலியோடு எடுக்கும் கேமராக்கள் வந்தன, ஃபிலிமின் ஓரத்தில் பழுப்புக் காந்தப் பட்டை இருந்தால் அதில் பேச்சு இருக்கலாம். வீட்டுக் கருவி அதைத் தொடவே தொடாது. இரண்டாவது ஓரம். கருவி ஃபிரேமைச் சுற்றிலும் கொஞ்சம் வெட்டுகிறது. கோபுர உச்சியும் கடைப்பலகையும் இருப்பது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான். ஃபிலிம் விளிம்பில் கோடாக் அச்சிட்ட தயாரிப்பாண்டுக் குறிகளும் வெட்டோடு போகும். மூன்றாவது நுணுக்கம். கவனமாகக் குவியம் வைத்து எடுத்த கோடாக்ரோமில் (கோடாக்கின் வண்ண ஃபிலிம்) தூரத்துப் பலகையின் எழுத்துகூட இருக்கும். இருட்டில் இருந்த கோடாக்ரோம் நிறமும் அவ்வளவாக மங்குவதில்லை. ஆனால் எம்பி4-இன் அழுத்தம் சின்ன எழுத்தையும் கூட்டத்தையும் கட்டம் கட்டமாகக் குழப்பிவிடும். அதைச் சரிக்கட்டச் செயற்கை நுண்ணறிவுக் கூர்மையாக்கத்தைப் பயன்படுத்தாதீர்கள். அது பலகையில் இல்லாத எழுத்தை எழுதும், அதுவும் தமிழாகவும் இருக்காது, சீனமாகவும் இருக்காது.

எனவே தேர்ந்தெடுத்த ரீல்களைக் கடைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். விலையைக் கேட்கும் முன் முறையைக் கேளுங்கள். “ரியல் டைம்” என்றால் புரொஜெக்டரை ஓட்டி கேமராவில் பிடிக்கிறார்கள், வீட்டு ஸ்கேனரைவிட மேல் என்று சொல்ல முடியாது. ஃபிரேம் ஃபிரேமாக, துளைப் பல் இல்லாமல், ஓரம் முழுக்கத் தெரியும்படி ஓவர்ஸ்கேன், அதுவும் 2கே (அகலம் ஏறத்தாழ 2,000 புள்ளி) என்றால் பேசலாம். அழுத்தம் குறைந்த, தரம் கூடிய புரோரெஸ் 422 எச்க்யூ கோப்பும், அதோடு பார்ப்பதற்கு ஓர் எம்பி4-உம் கேளுங்கள். 50 அடி ரீலுக்குப் புரோரெஸ் மூன்று நான்கு ஜிபி வரும், ஹார்டு டிஸ்க் நீங்களே கொடுப்பது நல்லது. டிவிடி மட்டும்தான் தருவோம் என்றால் வெளியே வந்துவிடலாம். ரீல் சிங்கப்பூரிலேயே ஸ்கேன் ஆகிறதா, வெளிநாடு போகிறதா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிறத்தைத் திருத்தாத பிரதி ஒன்று கட்டாயம் வேண்டும். கடைக்காரர் ரசனைக்குப் பச்சையைக் கூட்டினால் பழைய பேருந்தின் நிறத்தை வைத்து ஆண்டு சொல்ல முடியாமல் போகும்.

பத்து ரீலுக்குக் குறைவாக இருந்தால் கருவி வாங்காதீர்கள், நேரே கடைக்குப் போங்கள். முப்பது, நாற்பது என்றால் உறவினர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி, எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்து, ஊர் தெரியும் ஐந்தாறை மட்டும் நல்ல ஸ்கேனுக்கு அனுப்புவது சிக்கனம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மின்னேற்பியில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள், மூன்று முனை பிளக்குக்கு மாற்றி தேவைப்படும். வேலை முடிந்ததும் விற்றுவிடலாம்.

ஸ்கேன் ஆனபின் ரீலைத் தூக்கியெறியாதீர்கள். புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் டிரை கேபினெட்டில் 40 விழுக்காட்டு ஈரப்பதத்தில் வைக்கலாம். தெருக்களும் கோயில்களும் தெளிவாகத் தெரியும் ரீலென்றால் கேனிங் ரைஸில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகலாம், தனியாரிடமிருந்தும் அது படச்சுருள்களைப் பெறுகிறது. கொடுக்கும்போது ரீலோடு ஒரு தாளும் போகட்டும். எந்த நிமிடத்தில் எந்த இடம், யார் வீட்டுக் கல்யாணம், எந்தத் தெரு என்று, விவரம் தெரிந்த பெரியவர்களை அருகில் உட்காரவைத்து வீட்டு ஸ்கேனர் எடுத்த எம்பி4-ஐ ஓட்டியே அதை எழுதிவிடலாம். பென்சிலில் எழுதுங்கள், பேனா மை நம்மூர் ஈரத்தில் பரவிவிடும்.