தாரா, பேவர் பிளாக்கா, கான்கிரீட்டா: ரோடு போட்டு மூன்று மழை பார்த்த பிறகு

சென்னைக்குத் தெற்கே, ஏரியை ஒட்டிய களிமண் நிலத்தில் 38 தனி வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. பில்டர் போட்டுக் கொடுத்த உள்ரோடு ஏழாவது மழைக்காலத்தோடு பல்லிளித்துவிட்டது. சங்கக் கூட்டத்தில் மூன்று கட்சி. பேவர் பிளாக் போடலாம் என்றவர்கள்தான் அதிகம். வெளிநாட்டில் இருந்து திரும்பிய இரண்டு பேர் கான்கிரீட் என்றார்கள். தாரையே ஒழுங்காகப் போடலாம் என்ற மூன்றாவது கட்சியில் நானும் இன்னொருவரும் மட்டும். நான் அப்போது பொருளாளர் என்பதால் கொட்டேஷன் வாங்குகிற வேலை என் தலையில் விழுந்தது. கடைசியில் தார்தான் போட்டோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையில் தார்தான் குறைவு. எங்களுக்கு வந்த கொட்டேஷன்களில் பேவர் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, கான்கிரீட் அதற்கும் மேலே. பார்வைக்கு பேவர் அழகு, உழைப்புக்கு கான்கிரீட். இதில் யாருக்கும் சண்டை இல்லை.

பேவருக்கு ஒரு பெரிய வசதி உண்டு, அதை மறைக்க மாட்டேன். குழாய் உடைந்தால் பத்துக் கல்லைப் பெயர்த்து எடுத்து, வேலையை முடித்து, அதே கல்லைத் திரும்ப அடுக்கிவிடலாம். தார் ரோட்டை வெட்டினால் தழும்பு நிற்கும். ஆனால் கல்லுக்கு அடியில் இருப்பது ஒன்றரை அங்குல மணல் படுக்கை. அந்த மணலையும் இடுக்கில் நிரப்பிய மணலையும் ஐப்பசி மழை கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போகும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. ஒருநாள் தண்ணீர் லாரி திரும்பும்போது நாலு கல் உள்ளே இறங்கும். கார் மட்டும் போகிற இடத்துக்கு 60 மி.மீ. கல் போதும். லாரி வருகிற இடத்துக்கு 80 மி.மீ. வேண்டும். எங்களுக்கு வந்த மூன்று பேவர் கொட்டேஷனிலும் 60 என்றுதான் இருந்தது. என் மச்சினர் குடியிருப்பில் அதைத்தான் போட்டார்கள். லாரிச் சக்கரம் ஓடின தடம் இரண்டு வாய்க்கால் மாதிரி இறங்கிக் கிடக்கிறது. 80 மி.மீ. கல்லும், அடியில் நன்றாக இறுக்கிய ஜல்லிப் படுகையும், ஓரத்தில் உறுதியான கெர்ப்பும் போட்டிருந்தால் இந்தக் கதையே வேறாக இருந்திருக்கலாம்.

கான்கிரீட்டில் எங்களைத் தடுத்தது க்யூரிங். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தி இரண்டு வாரம் வைக்க வேண்டும். ரோட்டைப் பாதிப் பாதியாகப் போட்டாலும் 38 வீட்டுக் கார்களை எங்கே நிறுத்துவது? அதோடு, குழாய் உடைந்தால் பிரேக்கர் கொண்டுவந்துதான் உடைக்க வேண்டும்.

இனி தார். நம் ஊரில் தார் என்று சொல்வது உண்மையில் தார் அல்ல, கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் அடியில் மிஞ்சுகிற பிட்டுமென். அதை விஜி-10, விஜி-30, விஜி-40 என்று தரம் பிரிப்பது 60 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதை வைத்து. சித்திரை வெயிலில் ரோட்டின் மேல்பரப்பு அந்தச் சூட்டைத் தொட்டுவிடும். எங்களுக்குப் போட்டது விஜி-30. முதல் கோடையில் லாரி திரும்புகிற மூலையில் லேசாகச் சுருக்கம் விழுந்தது, அவ்வளவுதான். வெயிலுக்குப் பயந்து தாரை ஒதுக்குகிறவர்கள் தப்பான எதிரியோடு சண்டை போடுகிறார்கள் என்பது என் கட்சி.

உண்மையான எதிரி தேங்குகிற தண்ணீர். ஜல்லிக்குப் பிட்டுமெனைவிடத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். விரிசல் வழியாக உள்ளே போன தண்ணீர் கல்லுக்கும் தாருக்கும் நடுவில் புகுந்து தாரை உரித்துவிடும். மேலே வண்டி ஏறும்போதெல்லாம் சக்கரம் அந்தத் தண்ணீரை அழுத்தி அழுத்தி உறிஞ்சும். முதல் அறிகுறி பள்ளம் அல்ல. மழை காய்ந்த பிறகு விரிசல் ஓரமாக வெளிறிய சாம்பல் நிறத்தில் மாவு மாதிரி ஒரு கறை இருக்கும், அடியில் இருந்த நைஸ் தூள் மேலே வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கட்டத்தில் பிடித்தால் ஒரு டின் எமல்ஷனோடு (சுவர் பெயின்ட் இல்லை, தண்ணீரில் கலந்த பிட்டுமென்) போய்விடும். விட்டால் அடுத்த மழையில் பள்ளம்.

மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் பிளாஸ்டிக் கழிவைச் சூடான ஜல்லிமேல் பூசிய பிறகு பிட்டுமென் சேர்க்கிற முறையைக் கொண்டுவந்தாரே, அதன் பெரிய பயன் இதுதான்: பூச்சு ஏறிய கல்லைத் தண்ணீரால் சுலபமாக உரிக்க முடியாது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எங்கள் ஒரு லோடு, ஒன்றரை லோடு கணக்குக்கு அந்தக் கலவை தருகிற பிளான்ட் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பழைய ரோட்டில் எங்கெங்கே பள்ளம் என்று குறித்துக்கொண்டு போனபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. ஐந்தில் மூன்று, ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால். ஓரம்வரை நீட்டிக் கட்டியிருந்ததால் அது குட்டி அணையாக நின்று தண்ணீரைத் தடுத்திருக்கிறது. நாலாவது, சம்ப் பக்கத்தில். அங்கே மழைத் தண்ணீர் தேங்குவதே இல்லை. டேங்கர் லாரி வால்வு சொட்டுகிற இடம் அது. கோடையிலும் தினமும் ஒரே இடத்தில் சொட்டினால் எந்தத் தாரும் தாங்காது. வேலைக்கு வந்த மேஸ்திரி அதைப் பார்த்த உடனே, "சார், இங்க மட்டும் தார் கேக்காதீங்க, காசு வீண்" என்றார். லாரி நிற்கும் அந்த இடத்துக்கு மட்டும் கான்கிரீட் தளம் போட்டோம். அதுவும் மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. அந்த வகையில் கான்கிரீட் கட்சிக்கும் ஒரு வெற்றி.

புதிதாகப் போடும்போது நான் பிடிவாதமாக நின்றது சரிவில்தான். இருபது அடி ரோட்டில் நடுப்பகுதி ஓரத்தைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். பழையதற்கு மேலேயே போடாமல் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் போட்டோம். சாலை மட்டம் ஏறி வீடுகளுக்குள் தண்ணீர் புகக்கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு அதிகாரிகளுக்கு எழுதியதும் இதே காரணத்துக்காகத்தான். ஸ்பீடு பிரேக்கர்களை இரண்டு ஓரத்திலும் அரை அடி விட்டுக் கட்டினோம்.

இதையெல்லாம் செய்தாலும் வருடா வருடம் பராமரிப்பு உண்டு, தார் அதைக் கேட்கும். தை மாதம் மழை நன்றாக ஓய்ந்த பிறகு ஒரு முறை, புரட்டாசி பிறக்கும் முன் ஒரு முறை ரோட்டைச் சுற்றி வருகிறோம். விரிசலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி போக ஊதி, எமல்ஷன் ஊற்றி, மேலே கிரஷர் டஸ்ட் தூவுவோம். பள்ளம் விழுந்திருந்தால் சதுரமாக வெட்டி, ஈரம் காயவிட்டு, பக்கச் சுவரிலும் எமல்ஷன் அடிக்க வேண்டும். அடிக்கும்போது பழுப்பாக இருக்கும். கறுப்பாக மாறும்வரை பொறுமையாக நிற்க வேண்டும், பேட்ச் வொர்க்கில் ஆட்கள் ஏமாற்றுவது பெரும்பாலும் இந்தப் பத்து இருபது நிமிடத்தில்தான். கலவை ஆவி பறக்க வர வேண்டும். தார்ப்பாய் போடாமல் லாரி வந்து, மண்வெட்டி போட்டால் கட்டியாகப் பெயர்ந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஆறின கலவை ரோலரில் இறுகாது, இறுகாத தாருக்குள் தண்ணீர் சும்மா போய் உட்காரும்.

நான் தார் பக்கம் சாய்வதற்குக் காரணமே இதுதான். தாரின் கோளாறு மேலேயே தெரியும், சின்னதாக இருக்கும்போதே சின்னச் செலவில் சரிசெய்யலாம். பேவரின் கோளாறு அடியில் ஒளிந்திருக்கும். ஆனால் சுற்றிப் பார்க்க ஆள் இல்லாத சங்கம் என்றால், தார் உங்களுக்கு வேண்டாம். மூன்று மழை என்பது ஒரு ரோட்டுக்குச் சின்ன வயது என்பதும் எனக்குத் தெரியும்.

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்தும் தண்ணீர் நிற்கிற இடத்தை இப்போது சாக்பீஸால் வட்டம் போட்டு வைக்கிறேன். இந்த வருடம் மூன்று வட்டம். இரண்டை மேஸ்திரி வந்து நிரவிவிட்டார். மூன்றாவது, ஒரு வீட்டு வாசலில் தினமும் காலையில் ஹோஸ் பிடித்துக் கார் கழுவுகிற இடம். அங்கே தார் வேண்டாம், அவர் ஒரு வாளியும் துணியும் எடுத்தால் போதும். அதை அவரிடம் யார் சொல்வது என்று போன கூட்டத்திலும் முடிவாகவில்லை.